நாலு நிற நூல்

காரின் பானெட் திறந்து கிடக்கிறது. தையற்காரி என்ஜின் மேல் குனிந்திருக்கிறாள்; சாய்ந்த வெயிலில் அவள் முழங்கையில் அப்பிய கிரீஸ் மினுங்குகிறது. போன தடவை அவள் கணவன் நாலு ஸ்பார்க் பிளக் ஒயரையும் ஒரே மூச்சில் பிடுங்கி, இடம் மாற்றிச் செருக, கார் இருமி இருமி நடுரோட்டில் மானத்தை வாங்கியது. இன்று ஒயர்களில் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று வரிசையாக நூல் கட்டியிருக்கிறாள். மூன்று பிளக் மாற்றியாயிற்று. நான்காவது அசையமாட்டேன் என்கிறது. “விட்டுடு, மெக்கானிக்கக் கூப்பிடலாம்,” என்கிறான் டார்ச் பிடித்திருக்கும் கணவன். “அக்காவ ஆஸ்பத்திரிலேர்ந்து நாமதான் கூட்டிட்டு வர்றோம்னு சொல்லியிருக்கேன். வெளிச்சத்த நேரா காட்டுங்க.” பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பானரை அழுத்துகிறாள். கிறீச்சென்ற சத்தத்தோடு பிடி விட்டு, கருகிய பிளக் சுழன்று வெளியே வருகிறது. புதியதை, ஊசியில் நூல் கோக்கிற நிதானத்தோடு, முதலில் விரலாலேயே திருகுகிறாள். கடைசி இறுக்கலுக்கு மட்டும் ஸ்பானர். நீல நூல் ஒயரைச் செருகிவிட்டு நிமிர்கிறாள். “சாவியத் திருப்புங்க.” என்ஜின் இருமாமல் சீராக ஓடுகிறது. அவன் அணைத்துவிட்டு இறங்கி வந்து, சிவப்பு முடிச்சில் கை வைக்கிறான். “இத அவுத்துடவா?” அவள் கையைத் துடைத்துக்கொள்கிறாள். “இருக்கட்டும். அடுத்த தடவ நீங்கதான மாத்தணும்.”