அக்கரைக்கு ஒருவர்

ராணுவ அதிகாரித் தேர்வில் பெனிட்டா போன முறை தோற்றது, பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த பதிலால்தான். தேர்வில் தரும் மெய்நிகர் கண்ணாடியை மாட்டியதும் உடைந்த பாலமும் ஆறும் தெரியும். உத்தரவுக்குக் காத்து நிற்கும் வீரர்களுக்கு அவள் வீட்டாரின் முகமும் குரலும் இருக்கும். குண்டுகளுக்கு நடுவே நீந்திப்போய் அக்கரையில் கயிறு கட்ட ஒருவரை அனுப்ப வேண்டும். போன முறை அவள், "நானே போகிறேன்" என்றாள். வகுப்புத் தோழர்கள் அத்தனை பேரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். ஒருவரும் தேறவில்லை.

இந்த முறை தம்பி ஜெரினை அனுப்பினாள். தேறிவிட்டாள்.

நாகர்கோவில் ஸ்டேஷனில் அவள் பெட்டியை வாங்கிக்கொண்டவனும் ஜெரின்தான்.

"யார அனுப்புனக்கா?"

"ஒன்னத்தான். நம்ம வீட்டுல நீச்சல் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானல."

அவனுக்குப் பெருமையாக இருந்தது. பெட்டியைப் பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டே கேட்டான்.

"அப்புறம் நான் திரும்பி வந்தனா?"

"தெரியாது. உத்தரவு போட்டதும் படம் நின்னுட்டு. பாஸ்னு சொல்லிட்டாவ."

"நீ கேக்கல்லியா?"

"கேட்டவங்கள எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டாவலே" என்றாள் பெனிட்டா.