துளை எந்தப் பக்கம்

பாம்பனில் கடலைப் பார்த்துக் கட்டிய புது லாட்ஜின் மூன்றாவது மாடி. அலுமினிய ஜன்னல் மாட்டும் வேலை கேட்டு வந்த லீமாரோஸின் கையில் சூப்பர்வைசர் முத்துகிருஷ்ணன் ஒரு பழந்துணியைத் திணிக்கிறார். "பொம்பளைக்கு டிரில் மெஷின் எதுக்கும்மா? மாட்டுன கண்ணாடியத் தொடைச்சிட்டுப் போ." அவள் எடுத்த ஆறு மாதப் பயிற்சியை, மதுரையில் பார்த்த இரண்டு வருட வேலையை அவர் காதில் வாங்கவே இல்லை. லீமாரோஸுக்குச் சுர்ரென்று ஏறுகிறது. உப்புக்காற்று ஜன்னலைத் தடதடக்க வைக்கிறது. கண்ணாடியில் பட்ட கடல் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கிறது. துடைக்கக் குனிந்தவளின் பார்வை கீழ்ச்சட்டத்தில் நிற்கிறது. மழைத்தண்ணீர் வெளியே வடிவதற்கான துளைகள் அறையைப் பார்த்து இருக்கின்றன. சட்டத்தையே திருப்பி மாட்டியிருக்கிறார்கள். "இத யாரு மாட்டுனது சார்?" "நாந்தான் நின்னு மாட்ட வச்சேன். இருபது வருச சர்வீஸ்." அவள் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சட்டத்தில் ஊற்றுகிறாள். தண்ணீர் கொஞ்சம் தேங்கி, துளைகள் வழியே உள்ளே இறங்கி, புது டைல்ஸில் ஓடிப்போய் அவர் ஷூவை நனைக்கிறது. அந்த வரிசையில் இன்னும் பதினோரு ஜன்னல்கள் அதே மாதிரி நிற்கின்றன. லீமாரோஸ் பழந்துணியை அவரிடம் நீட்டுகிறாள். "இந்தாங்க சார், நீங்களே தொடைங்க."