பொய் சொல்லாத கேஜ்

“அதைத் தூக்கிக் குப்பையில போடு,” என்றார் அழகர்சாமி.

சுப்ரியா கையிலிருந்த, டயர் காற்றை அளக்கும் கேஜைத்தான் சொன்னார். முதல் தடவையாக ரேஸ் டிராக்கில் பைக் ஓட்டப் போகிறோம் என்று ஆசை ஆசையாக ஆன்லைனில் வாங்கியிருந்தாள்.

“இது முப்பதுன்னு காட்டினா உள்ள இருபத்தாறும் இருக்கலாம், முப்பத்துநாலும் இருக்கலாம். ஓட்ட ஓட்ட டயர் சூடாகும், காத்து ஏறும். அதனால முன்னாடியே குறைச்சு வைக்கணும். குறைக்கிற கேஜே பொய் சொன்னா முதல் வளைவுலயே மண்ணைக் கவ்வ வேண்டியதுதான்.”

ஞாயிற்றுக்கிழமை காலை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் வழியில், ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி இருந்த அந்தத் தனியார் டிராக்கில் பைக்குகள் வரிசையாக நின்றன. பாதிக்கு மேல் பெங்களூர் வண்டிகள். அழகர்சாமி ஓசூரில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். சுப்ரியா அவருக்குக் கீழே டிரெய்னி. அவளை நிரந்தரமாக்குவதும் ஊருக்கு அனுப்புவதும் அவர் கையில் இருந்தது.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தப் பழக்கம் லீவு எடுத்துக்கொள்ளுமா? பக்கத்தில் கால் பம்ப் வைத்திருந்தவரிடம், சைக்கிளுக்கு அடிக்கிறதா என்று விசாரித்தார். பெட்ரோல் பங்க்கிலேயே காற்றைச் சரிபார்த்துவிட்டு வந்தேன் என்ற இன்னொருவரிடம், அங்கே போய்ச் சேர்வதற்குள்ளேயே டயர் சூடாகியிருக்குமே, அந்த அளவை நம்புகிறவருக்கு மூளை எங்கே இருக்கிறது என்று கேட்டார். மனிதர் சொன்னதெல்லாம் சரிதான். சொன்ன விதம்தான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

பிறகு தன் பையைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு கேஜை எடுத்தார். சுப்ரியாவின் பின் டயரில் வைத்துப் பார்த்தார்.

“முப்பத்திரண்டு. ரோட்டுக்குச் சரி. இங்க இருபத்தெட்டு போதும்.”

காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். சுப்ரியாவின் மனசு டயரில் இல்லை.

“சார், நம்ம நஞ்சம்மா விஷயம்...”

நஞ்சம்மா கம்பெனியில் காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிறவள். வேப்பனப்பள்ளிப் பக்கம் வீடு. மெஷின் துடைத்து எண்ணெய் ஊறிப்போன பனியன் வேஸ்ட் துணியில் ஒரு கைப்பிடி எடுத்துச் சாப்பாட்டுப் பையில் வைத்ததை அழகர்சாமி பார்த்துவிட்டார். செக்யூரிட்டிக்குப் போன் போட்டு, கேட்டில் வைத்துக் கையும் களவுமாகப் பிடிக்க வைத்தார். வெந்நீர் அடுப்பு பற்ற வைக்கத்தான் எடுத்தேன், எப்படியும் குப்பைக்குப் போகிறதுதானே என்று அவள் அழுது பார்த்தாள். நாளைக்கு விசாரணை. அவள் பையில் வைத்தபோது பக்கத்தில் நின்றிருந்த சுப்ரியாதான் சாட்சி.

“அவங்க வேலை போயிடும் சார். காண்ட்ராக்டர் நாளையிலிருந்து வராதேன்னுடுவார். அவங்க சம்பளத்துலதான் அந்த வீட்டுல அடுப்பே எரியுது.”

“எரியட்டும், எங்க துணியில எரிய வேணாம். இன்னிக்கு வேஸ்ட் துணி, நாளைக்கு பேரிங். கம்பெனிப் பொருள்னா கம்பெனிப் பொருள்தான். அதுல அழுக்கு என்ன, புதுசு என்ன?”

ஒரு தடவை கண்டித்துவிட்டு விட்டுவிடலாமே என்று அவள் இழுத்தாள்.

“இந்த இரக்கமெல்லாம் குவாலிட்டிக்கு ஆகாது. நாளைக்கு நீ பார்த்ததை அப்படியே சொல்லு. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். உன் கன்ஃபர்மேஷனும் என் டேபிள்லதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ.”

சுப்ரியாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. அவர் நீட்டிய கேஜை வாங்கி, முன் டயரில் தானே வைத்துப் பார்த்தாள். முள் ஆடாமல் நின்றது.

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஹரீஷ்குமார், தன் டயரையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். அவருடைய கேஜ் காட்டியதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். அசந்துபோய், இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கன்னடத்தில் கேட்டார்.

அழகர்சாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“கடையிலயா? நீங்க தலைகீழா நின்னாலும் கிடைக்காது சார். இது எங்க கம்பெனி மாஸ்டர் கேஜ். மத்த கேஜெல்லாம் சரியா தப்பான்னு இதை வெச்சுத்தான் பார்ப்போம். குவாலிட்டி ரூம் பீரோவை விட்டு இது வெளிய வரவே வராது.”

டயர் மூடியைத் திருகிக்கொண்டிருந்த சுப்ரியாவின் கை நின்றது.

“அப்புறம் கேட்டைத் தாண்டி எப்படி சார் வந்துச்சு?”

“என் பையிலதான். ஸ்டாஃப் பையை எவன் திறந்து பார்க்கிறான்?” என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். “நாளைக்குக் காலையில இருந்த இடத்துல வெச்சுட்டாப் போச்சு.”

சொல்லி முடித்த பிறகும் அவருக்கு உறைக்கவில்லை. கேஜைத் துடைத்துக்கொண்டே, குறை சொல்ல அடுத்த வண்டியைத் தேடி நகரப் பார்த்தார்.

சுப்ரியா எழுந்து நின்றாள். வேலையை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது வாய் வந்தது.

“சார், நாளைக்கு நான் பார்த்ததை அப்படியே சொல்றேன். நஞ்சம்மா பையில இருந்ததையும் சொல்றேன், உங்க பையில இருந்ததையும் சொல்றேன். அதுல நானும் காத்து பார்த்தேன், அதையும் சேர்த்தே சொல்றேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.”