சின்னப் பானை

கரண்டியை வாயில் வைத்ததும் சினிக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பட்டாணி சூப் தீய்ந்து போயிருந்தது. போதாக்குறைக்குத் தண்ணீராக ஓடியது.

பக்கத்து மேஜைக் கிழவரின் கிண்ணத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். கெட்டியான சூப், பெரிய பெரிய பன்றிக்கறித் துண்டுகள், ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் அதில் கடுகு விழுதைக் கலக்கிக் கண்ணை மூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒரே கடை, ஒரே வியாழக்கிழமை. இது என்ன கூத்து?

ஹெல்சிங்கியில் எங்கே சாப்பிடலாம் என்று வெள்ளிக்கு வெள்ளி பத்திரிகையில் ஐந்து கடைகளைச் சொல்கிறவள் அவள். நாலு எழுதியாகிவிட்டது. ஐந்தாவதை இன்று நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். தெருவரைக்கும் வந்த வாசனையை நம்பித்தான் இந்தச் சின்னக் கடைக்குள் நுழைந்தாள். மொத்தமே பன்னிரண்டு மேஜை. மேஜைக்கு ஒரு ஆளாகப் பதினொரு பேர் பேச்சுமூச்சில்லாமல் சாப்பிட, காலியாக இருந்தது ஒன்றே ஒன்று.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள்.

"அக்கா, இது தீஞ்சிருக்கு. வேற தர்றீங்களா?"

கடைக்காரி வியேனோவுக்கு அறுபது தாண்டியிருக்கும். சினிக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். முன்னால் இருந்த பெரிய பானையைத் தொடக்கூட இல்லை. அடுக்களைக்குள் போய் வேறொரு கிண்ணம் கொண்டுவந்தாள். அது முன்னதைவிட மோசம்.

"ஏன்க்கா, இந்தப் பானையில இருந்து ஊத்தக் கூடாதா?"

"கூடாது."

"எல்லாருக்கும் இதுலதானே ஊத்துறீங்க?"

"பிடிக்கலைன்னா எதிர்க்கடைக்குப் போங்க. மீன் நல்லா இருக்கும்."

வந்த ஆளை எதிர்க்கடைக்கு அனுப்புகிற கடைக்காரியை சினிக்கா இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

அப்போதுதான் கல்லாவுக்குப் பின்னால் கண் போனது. பத்திரிகையில் வரும் அவளுடைய படம்! கத்தரித்துச் சுவரில் குத்தியிருந்தார்கள். அடியில் பென்சிலால் 'சின்னப் பானை' என்று ஒரு கிறுக்கல்.

படத்தைச் சுவரில் வைக்கிற அளவுக்கு மரியாதை. ஊற்றுவது தீய்ந்த சூப். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

திரும்பி வந்து கிழவரிடமே கேட்டாள். "ஐயா, உங்க சூப் எப்படி இருக்கு?"

அவர் கையால் கிண்ணத்தை மறைத்துக்கொண்டார். "கண்றாவி."

"நல்லா ரசிச்சு சாப்பிடுற மாதிரி இருந்துச்சே?"

"மூணாவது கிண்ணம்மா. மூணும் கண்றாவி."

எங்கோ ஒரு மேஜையில் யாருக்கோ காபி புரையேறியது.

வெளியே வந்து பத்திரிகை ஆசிரியர் யர்மோவுக்குப் போன் போட்டாள்.

"அஞ்சாவது கிடைக்கலை யர்மோ. ஒரு கடை, வாயில வைக்க முடியலை."

"ஹெர்த்தா கடை மாதிரி ஒண்ணு பிடிம்மா. போன வருஷம் நீ எழுதின மறுநாள் வரிசை டிராம் நிறுத்தம் வரைக்கும் நின்னுச்சே!"

அதை யார் சொன்னாலும் சினிக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சிதான். ஆனால் ஹெர்த்தா கடை தெருவுக்கு ஒன்றா இருக்கிறது?

"அப்ப அந்தக் கண்றாவியையே எழுது. எனக்கு அஞ்சு வேணும்."

"நான் யாரையும் குறை சொல்லி எழுதினதில்லையே."

"இன்னிக்கு எழுது."

கோபமும் இருந்ததா, எழுதிவிட்டாள். 'சூப் தீய்ந்தது. கடைக்காரிக்கு மரியாதை தெரியாது. அந்தப் பக்கம் கால் வலிக்க நடக்காதீர்கள்.'

வெள்ளிக்கிழமை அச்சில் வந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வயசான பொம்பளை. ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறாள். நாம் மண்ணள்ளிப் போட்டுவிட்டோமே!

அடுத்த வியாழக்கிழமை மன்னிப்புக் கேட்கவே போனாள். கதவைத் திறந்ததும் பேசத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது..."

வியேனோ கல்லாவுக்குப் பின்னால் திரும்பினாள். சுவரில் இருந்த படத்தை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பெரிய பானையில் அகப்பையை அடிவரை விட்டு, கறித்துண்டுகளாகப் பார்த்து அள்ளி ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி நீட்டினாள்.

சினிக்கா முழித்தாள். பன்னிரண்டு மேஜையிலும் ஆள். உட்கார இடமில்லை. திட்டி எழுதியும் ஒருவர்கூடக் குறையவில்லையா?

போன வாரக் கிழவர் எதிர் நாற்காலியைக் காலால் நகர்த்திவிட்டார். "உக்காரும்மா."

கடை முழுக்க நிமிர்ந்து பார்த்தது. மேஜையை அடுத்தவரோடு பகிர்ந்துகொள்கிற ஆட்கள் இல்லை அங்கே யாரும்.

சூப் தேனாக இறங்கியது. அதுதான் இன்னும் குழப்பியது.

"ஐயா, நான் இந்தக் கடையைத் திட்டி எழுதியிருக்கேன். எல்லாரும் சேர்ந்து விருந்து வைக்கிறீங்களே?"

"திட்டினதுக்குத்தாம்மா விருந்து."

"எனக்குப் புரியலைங்கய்யா."

கிழவர் கடுகு விழுதை அவள் பக்கம் தள்ளினார்.

"பதினோரு வருஷம் நாங்க பன்னண்டு பேரும் ஹெர்த்தா கடையிலதான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம், நீங்க அதைப் புகழ்ந்து எழுதுற வரைக்கும்."