துரைசானியின் வாய்

“கரண்டி பிடிக்கத் தெரியாதவளுக்குக் கண்ணாடி முன்னால ஒரு மணி நேரமா?” என்று டிவியில் வெள்ளைக்காரத் துரைசானி ஒருத்தி தன் மருமகளைக் கிழித்துத் தொங்கவிட்டாள்.

“என்ன வாய்டா அவளுக்கு!” என்று பட்டு மாமி கையைத் தட்டினாள்.

விக்டோரியா மகாராணி காலத்து நாவலாம். அதைத் தொடராக எடுத்து, தமிழிலும் பேச விட்டிருந்தார்கள். புனேயில் வாகட் பக்கத்து ஃப்ளாட்டுக்கு வந்து எட்டு மாதமாக லிஃப்டில்கூட ஒரு தமிழ்க் குரல் கேட்காத மாமிக்கு அந்தத் துரைசானிதான் துணை.

“குதிரை வண்டி என்ன, மெழுகுவத்தி வெளிச்சம் என்ன! எல்லாத்துக்கும் மேல அந்த வசனம்டா மனோஜ். என் மனசுக்குள்ள பூந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கான் ஒரு புண்ணியவான். அவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்.”

மகன் மனோஜுக்கு ஏனோ இருமல் வந்தது.

வாசலில் மாமியின் பெட்டி தயாராக நின்றது. மருமகள் வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கே கோயம்புத்தூருக்கு ரயில் என்று காலையிலேயே கெடு வைத்தாகிவிட்டது.

மாமியைச் சொல்லியும் குற்றமில்லை. மருமகள் கிருஷ்ணப்ரியா காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்தால், ஞாயிற்றுக்கிழமைகூட வெளியே வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆளில்லாமல் மாமிக்குச் சில நாள் அழுகையே வந்துவிடும்.

அந்த ஆத்திரத்தில் போய்த் திட்டினால், அவள் பாட்டுக்கு நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்தால் மாமிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

தொடர் முடிந்தது. அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்த கிருஷ்ணப்ரியா, தயங்கித் தயங்கி மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்று ஆரம்பித்தாள் மாமி. “நாள் பூரா டைப் அடிச்சு என்னடி கண்டே? இந்த மாதிரி நாலு வசனம் எழுதினா, அது வேலை! முடிவாச் சொல்லு. வேலையை விடறியா, நான் ரயிலேறட்டுமா?”

கிருஷ்ணப்ரியா பதறிப்போய் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, நீங்க போயிட்டா, அடுத்த ஆறு எபிசோடுக்கு துரைசானி வசனத்தை நான் யார் திட்டைக் கேட்டு எழுதுவேன்மா?”