மிளகாய் வறுத்த குற்றம்

கோமளவல்லி சாம்பார் பொடிக்கு மிளகாயை வாணலியில் போட்டதுதான் தாமதம், தெருவிலிருந்த செல்போன்கள் எல்லாம் ஒரே குரலில் அலறின. காற்றில் நச்சு ஏறினால் எச்சரிக்கும் செல்போன் மேப்பில் அவள் அடுப்படியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். மதிலுக்கு அப்பால் மஞ்சள் புகை கக்கிக்கொண்டிருந்த பூச்சிமருந்து ஆலையோ அதே மேப்பில் வழக்கம்போலப் பச்சைப்பசேலென்று இருந்தது.

அடுப்படிக்குச் சீல் வைக்க வந்த அதிகாரி தனசேகர், முதல் வேலையாக ஆலைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.

"ஏன் சார் சாத்துறீங்க? அந்தப் பக்கம் பச்சைதானே?" என்றாள் கோமளவல்லி.

"மேப்புல பச்சைதாம்மா. என் மூக்குக்கு மேப்பு பாக்கத் தெரியலையே."

"அவங்க விடுறது விஷம் சார். நான் வறுக்கிறது மிளகா. அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை."

"அங்கதாம்மா தப்பு பண்றீங்க." தனசேகர் சீலைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "புகை எப்பவாவது வந்தா மேப்பு பயந்துடும். தினமும் வந்தா, இந்த ஊர்க் காத்தே இப்படித்தான்னு பழகிடும். நாளையிலேருந்து விடாம வறுங்க. கம்பெனிக்காரங்க அப்படித்தான் பச்சையானாங்க."