அரை லிட்டர்

தர்மராஜுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்று டயாலிசிஸ் டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வாரம் மூன்று நாள் ராமநாதபுரத்துக்குப் பஸ். மற்ற நாட்களில் முருகலட்சுமி காலையில் ஓர் அரை லிட்டர் பாட்டிலை நிறைத்துப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு அடுப்படியைப் பூட்டிவிடுவாள். கடைசி நாளில் மத்தியானத்துக்குள்ளேயே பாட்டில் காலி.

"ஒரே ஒரு மடக்கு குடு, முருகு."

"நாளைக்குத் தாரேன். பேசாம படுங்க."

விடிவதற்குள் போய்விட்டார்.

செத்தவருக்கு விளக்கடியில் செம்பில் தண்ணீர் வைக்க வேண்டும். கைப்பழக்கத்தில் முருகலட்சுமி அந்தப் பாட்டிலையே நிறைத்து, மூடியைத் திருகி வைத்துவிட்டாள். மறுநாள் அது காலியாக இருந்தது. தினமும் நிறைத்தாள், தினமும் காலியானது.

"வெயிலுக்குச் சுண்டியிருக்கும்மா" என்றாள் மகள் யுவராணி. மூடி திருகியபடியேதான் இருந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. அதோடு விளக்கை எடுத்துவிடுவார்கள். அதற்கு முந்தின நாள் காலையில் முருகலட்சுமி ஒரு குடம் தண்ணீரைத் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து விளக்கடியில் இறக்கினாள்.

"இனிமே எந்த டாக்டரு கேக்கப் போறாரு? வயிறு முட்டக் குடிங்க. ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."

கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் திறந்து பார்த்தபோது தண்ணீர் இறங்கியிருந்தது. எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. பாட்டிலை நிறைத்து வந்து குடத்தில் ஊற்றினாள்.

ஒரே பாட்டிலில் குடம் தளும்பிவிட்டது. அதற்கு மேல் ஒரு மடக்குகூட அவர் குடித்திருக்கவில்லை.